நுழையும் சாவி, திரும்பாத பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டு என்று பெயர் வைத்து, உள்ளே நெம்புகோல்களை அடுக்கி, சாவியின் பற்களை ஒவ்வொன்றாக அராவி எடுக்கும் அந்தக் கைத்தொழிலை அறிந்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சாவி துவாரத்துக்குள் நுழைவது ஒரு காரியம், உள்ளே போய்த் திரும்புவது வேறொரு காரியம் என்று சொல்வார்கள். நுழையாத சாவியால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை. இது நம்முடையதில்லை என்று உடனே தெரிந்துவிடும். நுழைந்து, பாதி வழி போய், அப்புறம் திரும்ப மறுக்கும் சாவிதான் மனிதனைத் திண்ணையில் உட்கார வைத்துவிடும்.

பூட்டைப் பற்றி விரிவாக எழுத எனக்கு ஆசை உண்டு. ஆனால் இன்று எழுத வந்த சங்கதி வேறு. டெலிவிஷன் பெட்டியோடு சேர்த்து விளையாடும் யந்திரங்கள் இருக்கின்றன அல்லவா? அவற்றுக்கென்று இரண்டு கைகளாலும் பிடித்துக்கொள்ளும் ஒரு கருவி உண்டு. கடைக்காரர்கள் அதைக் 'கண்ட்ரோலர்' என்கிறார்கள். எங்கள் சிறு பிராயத்தில் அதற்கு 'ஜாய்ஸ்டிக்' என்று பெயர். குச்சியே இல்லாவிட்டாலும் ஜாய்ஸ்டிக்தான். அந்தக் கருவியைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஒழுங்காக வேலை செய்ய வைக்க மனிதர்கள் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். விளையாட்டுச் சாமானுக்குக்கூடச் சரித்திரமா என்று கேட்கலாம். காசு கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவனுடையதா, செய்தவனுடையதா என்ற பழைய வழக்கு ஒன்று இதற்குள் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

வத்தலக்குண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சேவுகம்பட்டியை வெளியூர்க்காரர்கள் அறிந்திருப்பது, தை மாதத்தில் பெருமாள் கோயிலில் வாழைப்பழம் சூறை விடும் திருவிழாவினால்தான். அந்த ஊரிலும் இப்போது மாடியறைகளில் கம்ப்யூட்டர்கள் வந்துவிட்டன. என் தமக்கையின் மகனுக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒரு கண்ட்ரோலர் கொண்டுவந்து கொடுத்தார். எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. இரண்டு நாள் கழித்துப் பையன் என்னிடம் வந்தான்.

"மாமா, சொருகினா லைட்டெல்லாம் எரியுது. ஆனா குதின்னா சுடறான், சுடுன்னா குதிக்கிறான்" என்றான்.

"கம்பி கோளாறா இருக்குமோ?"

"கம்பி நல்லாத்தான் இருக்கு மாமா. நாம சொல்றது அதுக்குப் புரியுது. தப்பாப் புரியுது, அவ்வளவுதான்."

கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் மிகவும் பிடித்துப் போயிற்று. பையனுடைய கேள்விக்கு விடை தேடப் போனேன். அறுபது வருஷத்துச் சரித்திரம் அகப்பட்டது.

முதலில் ஒரு வேடிக்கையைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கருவி பிறந்ததே கம்ப்யூட்டரின் வீட்டில்தான். அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பி.டி.பி.-1 என்ற கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அந்த நாளில் அதன் விலை சுமார் 1,20,000 டாலர். 1962-ல் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவருடைய நண்பர்களும் அதில் 'ஸ்பேஸ்வார்' என்ற விளையாட்டை அமைத்தார்கள். இரண்டு ஆகாயக் கப்பல்கள் ஒன்றையொன்று சுட வேண்டும். கப்பலைத் திருப்புவதற்குக் கம்ப்யூட்டரின் முகப்பில் இருந்த சிறு விசைகளைத் தட்ட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரம் ஆடினால் முழங்கை வலி கண்டுவிடும். விசைகள் திரைக்கு நேராக இல்லாததால், இருவரில் ஒருவருக்குத் திரை நன்றாகத் தெரியும், மற்றவர் கழுத்தைத் திருப்பிக்கொண்டு ஆட வேண்டும். ஆலன் கோட்டோக், பாப் சாண்டர்ஸ் என்ற இருவர், அங்கே மாணவர்கள் நடத்திவந்த பொம்மை ரயில் சங்கத்திலிருந்து உதிரிச் சாமான்களைப் பொறுக்கி, கையில் பிடித்துக்கொள்ளும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்தார்கள். விளையாட்டுக் கண்ட்ரோலரின் ஜாதகம் அங்கே ஆரம்பிக்கிறது.

பெண் பிறந்தாயிற்று; பிறகு புக்ககம் போக வேண்டுமல்லவா? ரால்ஃப் பேயர் என்பவர் வீட்டு டெலிவிஷனில் விளையாடும் யுக்தியைக் கண்டுபிடித்தார். அதை வைத்து 1972-ல் மாக்னவாக்ஸ் கம்பெனி 'ஒடிஸி' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1977-ல் அடாரி கம்பெனியின் பெட்டி வந்தது. அதன் ஜாய்ஸ்டிக்கில் ஒரு குச்சி, ஒரு பொத்தான், நுனியில் ஒன்பது ஊசித் துவாரங்கள் கொண்ட இணைப்பு. அந்தக் காலத்தில் உறவு நன்றாகத்தான் இருந்தது. 1982-ல் வந்த கொமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அதே ஒன்பது ஊசி வாயில் இருந்தது. அடாரியின் ஜாய்ஸ்டிக்கை அதில் மாட்டினால் மறு பேச்சில்லாமல் வேலை செய்யும். பிறந்த வீட்டுக்கும் புக்ககத்துக்கும் நடுவே ஒரு சிறு கதவு திறந்தே கிடந்தது என்று சொல்லலாம்.

அந்தக் கதவை அடைத்தது 1981-ல் வெளிவந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டர். அதற்கு விளையாட்டுக் கருவி வேண்டுமானால், பதினைந்து ஊசி கொண்ட தனி வாயில் ஒன்றைக் காசு கொடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். ஊசியின் எண்ணிக்கை மட்டுமா வேறு? பாஷையே வேறு. அடாரியின் குச்சி உள்ளே வெறும் விசைகளைத் தட்டியது: இடம், வலம், மேல், கீழ், அவ்வளவுதான். ஐ.பி.எம். முறையிலோ, குச்சி சாயச் சாய மின்தடை மாறும். அந்தத் தடையின் வழியாக ஒரு மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று கம்ப்யூட்டர் எண்ணிப் பார்க்கும். குச்சி எங்கே இருக்கிறது என்பதை அந்த எண்ணிக்கையிலிருந்து ஊகித்துக்கொள்ளும். குடம் நிரம்பும் நேரத்தை வைத்துக் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று கணக்கிடுவது போல. இதில் ஒரு சங்கடம். புதிதாக வரும் கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் முன்னதைவிட வேகமாக எண்ணியது. ஆகவே நேற்று நடுவில் நின்ற குச்சி இன்று ஒரு பக்கம் சாய்ந்ததாகத் தெரிந்தது. குச்சியை நாலு மூலைக்கும் தள்ளிக் காட்டி அளவு சொல்லிக் கொடுக்கும் சடங்கு, விளையாட்டுக்கு முன்னால் பிள்ளையார் பூஜை மாதிரி நிலைத்துவிட்டது. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டா அந்தப் பதினைந்து ஊசி வாயிலுக்கு ஆதரவையே நிறுத்திவிட்டது.

இதற்கிடையில் ஜப்பானில் ஒரு பெரிய காரியம் நடந்திருந்தது. நின்டெண்டோ கம்பெனியின் குன்பெய் யோகோய், 1982-ல் ஒரு கையடக்க விளையாட்டுக்காகக் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு பொத்தானை அமைத்தார். கட்டை விரல் ஒன்றே நாலு திசையையும் ஆளலாம். 1983-ல் வெளிவந்த 'ஃபேமிகாம்' பெட்டியின் கண்ட்ரோலரில் அந்தப் பொத்தான் ஏறி உட்கார்ந்தது. குச்சி மறைந்து போயிற்று.

ஃபேமிகாம் கண்ட்ரோலருக்குள் நடப்பது பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பதற்கு ஒப்பானது. எட்டுப் பொத்தான்களுக்கு எட்டுக் கம்பி இழுத்தால் செலவு. ஆகவே உள்ளே ஒரு சிறு சில்லை வைத்தார்கள். பெட்டி ஒரு சைகை கொடுத்ததும் அந்த நொடியில் எந்தப் பொத்தான் அமுங்கியிருக்கிறது என்பதைச் சில் பதிவு செய்துகொள்ளும். பிறகு பெட்டி தாளம் தட்டத் தட்ட, ஒரே கம்பி வழியாக வரிசைக்கிரமமாகச் சொல்லும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். பெயரைச் சொல்வதுகூடக் கிடையாது. 'ஆஜர்', 'ஆஜர் இல்லை' என்ற விடை மட்டுந்தான். எத்தனையாவது விடை என்பதை வைத்து யாருடைய விடை என்று அறிந்துகொள்ள வேண்டும். வரிசை தெரியாதவனுக்கு அந்தக் கம்பியில் வருவது வெறும் முணுமுணுப்பு.

1990-களில் நம் ஊர்க் கடைகளில் விற்ற டெலிவிஷன் விளையாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் இந்த ஃபேமிகாமின் நகல்கள். கோடை விடுமுறையில் ஒரு வீட்டில் அந்தப் பெட்டி இருந்தால் தெருவே அந்த வீட்டுக் கூடத்தில் கூடியிருக்கும். அவற்றில் பலவற்றின் ஜாய்ஸ்டிக் நுனியில் இருந்தது, அடாரி காலத்து அதே ஒன்பது ஊசி அமைப்பு! பார்வைக்கு அசல் ஒன்றே. அடாரி வாயில் உள்ள கம்ப்யூட்டரில் அது சுகமாகப் போய் உட்காரும். ஆனால் உள்ளே பேசுவது ஃபேமிகாமின் ஆஜர் பாஷை. சாவி நுழைந்தது, பூட்டுத் திரும்பவில்லை.

இதற்கு நேர் எதிரான வேடிக்கையும் பின்னால் நடந்தது. 2001-ல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி வெளியிட்ட முதல் 'எக்ஸ்பாக்ஸ்' பெட்டியின் கண்ட்ரோலர், உள்ளே கம்ப்யூட்டர்கள் பேசும் யு.எஸ்.பி. பாஷையைத்தான் பேசியது. செருகும் முனையை மட்டும் வேறு வடிவமாகச் செய்துவிட்டார்கள். கை துறுதுறுத்த இளைஞர்கள் கம்பியை வெட்டி, சாதாரண யு.எஸ்.பி. முனையை ஒட்ட வைத்து, கம்ப்யூட்டரில் மாட்டினார்கள். தாய்மொழி ஒன்றாக இருந்தும் வாசல் இடித்தது!

யு.எஸ்.பி. வருவதற்கு முந்திய கதைக்குக் கொஞ்சம் திரும்புவோம். 1990-களின் பிற்பகுதியில் ஆர்வமுள்ளவர்கள் கம்ப்யூட்டரின் முதுகைத் தடவிப் பார்த்தபோது அங்கே ஒரு ஏமாந்த வாயில் கிடைத்தது. பிரிண்டரை மாட்டும் இருபத்தைந்து ஊசி வாயில். அதில் பல ஊசிகளைத் தனித்தனியே ஏற்றவும் இறக்கவும் முடியும். நின்டெண்டோ கண்ட்ரோலரின் கம்பிகளை அதில் பற்றவைத்து, கண்ட்ரோலருக்கு வேண்டிய சொற்ப மின்சாரத்தையும் அங்கேயே இரவல் வாங்கி, தாளம் தட்டும் வேலையைக் கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்தார்கள். லினக்ஸ் என்ற பொதுவுடைமை அமைப்புக்காக வொய்டெக் பாவ்லிக் என்ற செக் நாட்டுக்காரர் இதற்கென்று ஒரு நிரல் எழுதி, எந்தக் கம்பியை எந்த ஊசியில் பற்றவைக்க வேண்டும் என்ற விளக்கத்தையும் கூடவே வைத்தார். கம்பெனிகள் சொல்லாமல் விட்டதை வெளியாட்கள் துருவிப் பார்த்து, எழுதி, ஊருக்குப் பொதுவாக வைத்தார்கள். இந்தச் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப வருவது இந்தக் காரியம்தான்.

1996-ல் யு.எஸ்.பி. வந்தது. அதை உருவாக்கிய இன்டெல் குழுவில் முக்கியமானவர் அஜய் பட். பரோடாவில் படித்த நம் நாட்டுக்காரர். இனிமேல் துவாரத் தகராறு கிடையாது, எல்லாவற்றுக்கும் ஒரே வாயில் என்று ஆயிற்று. அதோடு, விசைப்பலகை, மௌஸ், ஜாய்ஸ்டிக் போன்ற கைக்கருவிகளுக்கு ஒரு பொதுச் சம்பிரதாயமும் ஏற்பட்டது. கருவி உள்ளே வந்ததும் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். "என்னிடம் பன்னிரண்டு பொத்தான்கள் உண்டு, குச்சிகள் இரண்டு, அவை இத்தனை திசையில் அசையும்" என்று வரவு சொல்ல வேண்டும். துவாரம் ஒன்று, பாஷையும் ஒன்று. பிரச்னை தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்?

அதுதான் இல்லை! பன்னிரண்டு பொத்தான் உண்டு என்று சொன்ன கருவி, எது எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று எண் மட்டுமே கொடுத்தது. மைக்ரோஸாஃப்ட் கண்ட்ரோலரில் முதல் பொத்தான் கீழே இருப்பது. ஸோனியின் நான்காவது ப்ளேஸ்டேஷன் கண்ட்ரோலரில் முதல் பொத்தான் இடப்பக்கத்துச் சதுரம். விளையாட்டை எழுதியவர், 'முதல் பொத்தான் என்றால் குதி' என்று எழுதிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். வாங்கியவன் கீழ்ப் பொத்தானை அமுக்கிவிட்டுக் காத்திருக்கிறான். இதைவிட விபரீதம் விரலால் இழுக்கும் விசைகளால் வந்தது. ஒரு கண்ட்ரோலரில் வலக்கைக் குச்சிக்கு உரிய அச்சு, இன்னொன்றில் இழுவிசைக்கு உரியதாக இருக்கும். இழுவிசை சும்மா இருக்கும்போது அதன் அளவு ஒரு கோடியில் நிற்கும். விளையாட்டு அதைக் குச்சி என்று எண்ணி, யாரோ ஓயாமல் ஒரு பக்கம் தள்ளிக்கொண்டிருப்பதாக முடிவு கட்டும். திரையில் உலகமே கிறுகிறுவென்று சுற்றும். பையன் சொன்ன 'தப்பாப் புரியுது' என்பது இதுதான்.

பெயர்கள் இருந்தாலாவது தெளிவு உண்டா? நின்டெண்டோவில் 'ஏ' பொத்தான் வலப்பக்கம், 'பி' கீழே. மைக்ரோஸாஃப்டில் 'ஏ' கீழே, 'பி' வலப்பக்கம். ஸோனி எழுத்தே வேண்டாமென்று 1994-ல் குறிகளை வைத்தது. அவற்றை அமைத்த தெய்யு கோட்டோ, வட்டத்துக்கு 'ஆம்' என்றும் பெருக்கல் குறிக்கு 'இல்லை' என்றும் பொருள் வைத்தார். ஜப்பானில் வாத்தியார் சரியான விடைக்கு வட்டம் போடுவார். ஆகவே அங்கே அது இயற்கை. மேல்நாட்டு விளையாட்டுகளிலோ பெருக்கல் குறியே 'ஆம்' என்று வழக்கமாகிவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரே கருவி ஒரு தேசத்தில் தலையசைத்ததும் இன்னொரு தேசத்தில் மறுத்ததுமாகக் காலம் தள்ளியது. 2020-ல் வந்த ஐந்தாவது ப்ளேஸ்டேஷனில்தான் ஜப்பானிலும் பெருக்கல் குறியை 'ஆம்' ஆக்கினார்கள்.

மைக்ரோஸாஃப்ட் கம்பெனி 2005-ல் 'எக்ஸ்பாக்ஸ் 360' உடன் தன் வழியில் ஒரு தீர்வு கொண்டுவந்தது. 'எக்ஸ்இன்புட்' என்று பெயர். எந்தப் பொத்தான் எங்கே என்பதெல்லாம் அதில் நிச்சயம். மாட்டினால் வேலை செய்யும். ஆனால் அந்தக் கம்பெனியின் ஜாதிக் கண்ட்ரோலராக இருந்தால்தான் பந்தியில் இடம். அதுவும் நாலு பேருக்குமேல் இல்லை. பழைய முறையில் எழுதிய விளையாட்டுகளில் அதே கண்ட்ரோலரின் இரண்டு இழுவிசைகளும் ஒரே அச்சாக ஒட்டிக்கொண்டன. இரண்டையும் சேர்த்து இழுத்தால் ஒன்றுக்கொன்று கழிந்து, எதையுமே இழுக்காத மாதிரி ஆகிவிடும். மற்றக் கம்பெனிக் கண்ட்ரோலர் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? அதற்கு 'எக்ஸ்பாக்ஸ்' வேஷம் கட்டும் நிரல்களை எழுதினார்கள். சில சமயம் விளையாட்டின் கண்ணுக்கு வேஷக்காரனும் நிஜ ஆளும் சேர்ந்தே தெரிவார்கள். ஒரு தடவை அமுக்கினால் இரண்டு தடவை குதிக்கும். பிறகு நிஜ ஆளைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைக்க இன்னொரு நிரல்!

இந்தக் கூத்துக்கெல்லாம் உருப்படியான முடிவு எங்கிருந்து வந்தது? ஒரு ஜாபிதாவிலிருந்து வந்தது. ஸாம் லாண்டிங்கா என்பவர் 1998-ல் 'எஸ்.டி.எல்.' என்ற நிரல் தொகுப்பை ஆரம்பித்து, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்தார். 2013-ல் வந்த அதன் இரண்டாம் பதிப்பில், எல்லாக் கண்ட்ரோலரையும் ஒரே மாதிரியாகக் காட்டும் ஏற்பாடு இருந்தது. அதன் உயிர்நிலை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. கண்ட்ரோலர் ஒன்றுக்கு ஒரு வரி. முதலில் அதன் அடையாள எண், பிறகு பெயர், பிறகு 'கீழ்ப் பொத்தான் இதன் கணக்கில் இத்தனையாவது, வலப் பொத்தான் இத்தனையாவது' என்று விவரம். கண்ட்ரோலர் வைத்திருக்கும் ஒருவர் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து அந்த வரியை எழுதி அனுப்புவார். பிறகு உலகத்தில் அதே கண்ட்ரோலர் வைத்திருக்கும் யாரும் மறுபடி கஷ்டப்பட வேண்டியதில்லை. இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் சேர்ந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். எங்கள் வீட்டுப் பையனின் கண்ட்ரோலருக்கும் அதில் ஒரு வரி இருந்தது. எழுதியவர் எந்தத் தேசத்தவரோ! அதை எடுத்து உரிய இடத்தில் வைத்ததும், குதி என்றால் குதித்தான், சுடு என்றால் சுட்டான்.

ஜனங்கள் பாதை போட்ட பிறகு கம்பெனிகளும் அதில் நடக்க ஆரம்பித்தன. விளையாட்டு விற்கும் வால்வ் கம்பெனி 2016-ல் தன் 'ஸ்டீம்' கடையில் ஸோனி கண்ட்ரோலருக்கு இடம் கொடுத்தது. 2021-ல் ஸோனியே தன் கண்ட்ரோலருக்கு லினக்ஸில் நிரல் எழுதிக் கொடுத்தது. கண்ட்ரோலர் கம்ப்யூட்டரோடு சமாதானமானால் என்ன லாபம் என்பதற்கு அமெரிக்கக் கடற்படை ஓர் உதாரணம். 2018-ல் சேவையில் சேர்ந்த 'கொலராடோ' நீர்மூழ்கிக் கப்பலில், வெளியே பார்க்கும் கருவியைத் திருப்ப 38,000 டாலர் விலையுள்ள கைப்பிடிக்குப் பதிலாக ஒரு சாதாரண எக்ஸ்பாக்ஸ் 360 கண்ட்ரோலரை வைத்தார்கள்.

மறுபக்கமும் உண்டு. கூகிள் கம்பெனி 'ஸ்டேடியா' என்ற விளையாட்டுச் சேவையை நடத்தியது. அதன் கண்ட்ரோலர் கம்பியில்லாமல் பேசியது கம்பெனியின் யந்திரங்களோடு மட்டுந்தான். 2023 ஜனவரியில் சேவையை மூடினார்கள். கருவியில் ஒரு பழுதும் இல்லை. பேசுவதற்குத்தான் எதிரே ஆள் இல்லை. நல்ல வேளையாக, உள்ளே உறங்கிக்கொண்டிருந்த புளூடூத் வசதியைத் திறந்துவிடும் வழியைக் கம்பெனியே அந்த மாதம் வெளியிட்டது. வெளியிட்டிராவிட்டால்? கம்பியில்லாத உபயோகம் அன்றோடு போயிருக்கும். வாங்கியவர் பணம் கொடுத்தது உண்மை, கருவி அவர் கையில் இருப்பதும் உண்மை. ஆனால் சாவி வேறு யாருடைய இடுப்பிலோ தொங்கிக்கொண்டிருந்தது.

விளையாட்டுக்குப் போய் இவ்வளவு விசாரமா என்று இன்னமும் நினைக்கும் வாசகர்களுக்குக் கடைசியாக ஒன்றைச் சொல்கிறேன். கண்ட்ரோலர் என்பது இரண்டு கைகளும் பத்து விரல்களும் சரியாக இயங்கும் மனிதனை மனத்தில் வைத்துச் செய்த சாமான். கை விளங்காதவர்களும் விரல் வளையாதவர்களும் எத்தனையோ காலம் ஒதுங்கி உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்காகத் தாமாகவே விசைகளைச் செய்து கொடுத்த தகப்பன்மார்கள் உண்டு, தொண்டர்கள் உண்டு. 2018-ல் மைக்ரோஸாஃப்ட் கம்பெனி அவர்களுக்கென்றே ஒரு கண்ட்ரோலர் வெளியிட்டது. தட்டையான பலகை, உள்ளங்கையால் தட்டக்கூடிய இரண்டு பெரிய பொத்தான்கள். அதன் விசேஷம் பின்புறத்தில் இருக்கிறது: வரிசையாகப் பத்தொன்பது துவாரங்கள். ஒவ்வொன்றும் பாட்டுக் கேட்கும் ஹெட்போனைச் செருகும் அதே 3.5 மில்லிமீட்டர் துவாரம். ஊனமுற்றோருக்கான விசைகள் வெகு காலமாக அந்த அளவு முனையோடுதான் வந்துகொண்டிருந்தன. காலால் மிதிக்கும் விசையையோ, முகவாயால் தொடும் விசையையோ, யார் செய்ததாக இருந்தாலும் அதில் செருகலாம். எது குதிக்க, எது சுட என்பதை ஆடுகிறவரே தீர்மானித்துக்கொள்ளலாம். எக்ஸ்பாக்ஸிலும் வேலை செய்யும், கம்ப்யூட்டரிலும் வேலை செய்யும்.

அந்தப் பத்தொன்பது துவாரங்களில் ஒன்றுகூட அந்தக் கம்பெனியின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஊர்ச் சாவடி மாதிரி எல்லோருக்கும் பொதுவான துவாரம். அதனால்தான் அத்தனை பேர் உள்ளே வர முடிந்தது.